கேட் விழுந்த வரிகள்

அந்த மெத்தையில் உட்காராதே தங்கச்சி, அது விற்றுப்போனது. சாயங்காலம் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். இதில் உட்கார். இது விற்காது. ஒரு பக்கம் பஞ்சு கட்டிகட்டியாக நிற்கிறது. ரெக்ஸிலின் இங்கே இருந்த வரைக்கும் இதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம், அவளேதான். நீ வாய் திறந்து கேட்காவிட்டாலும் உன் கண் கேட்கிறது. இந்த மெத்தைக் கடை மாடிக்கு ஏறி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவள் எந்த இடத்தில் நிற்பாள் என்றுதான் பார்க்கிறார்கள். இங்கே நான் ஒருத்தன் நிற்கிறேன், இசக்கிராஜ், இந்தப் பாட்டுக் கூட்டத்தை ஆரம்பித்தவன். என்னைப் பார்க்கிறவன் யாரும் இல்லை.

உன் பேர் என்ன சொன்னாய்? ஹெப்சிபா. நல்ல பேர். நாசரேத்திலிருந்து பஸ்ஸிலா வந்தாய்? வரும்போது காதில் என்ன பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாய்? சும்மா சொல்லு, ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அதானே பார்த்தேன். 'அந்தப் பக்கம்'. ரெக்ஸிலின் தனியாகப் போட்ட முதல் ஆல்பம். ஊரே காதில் அதைத்தான் செருகிக்கொண்டு அலைகிறது. எனக்குக் குமட்டுகிறது தங்கச்சி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பப் போகிறது. முதல் தடவை கேட்டபோதும் அப்படித்தான். நேற்றுக் கேட்டபோதும் அப்படித்தான். இன்றைக்குக் காலையில் பல் விளக்கும்போதும் அப்படித்தான்.

நீ எங்களோடு பாட வந்திருக்கிறாய். அதனால் இங்கே வேலை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். நான் பாட்டு எழுதுகிறவன், முன்னால் நின்று பாடுகிறவன். டார்வின் பீட் போடுகிறவன். டீ வாங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான். மூன்றாவது, போகிற வரைக்கும், ரெக்ஸிலின். 'மூணாங்கேட்' என்று பேர் வைத்தது நான். தூத்துக்குடியில் அந்த ரயில்வே கேட் பக்கத்தில்தான் நான் பிறந்து வளர்ந்த வீடு. கேட் போட்டால் கலெக்டர் காரும் நிற்கும், கருவாட்டு வண்டியும் நிற்கும். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அதில் ஒரு ஆசை.

இங்கே யாரும் பேப்பரில் எழுதக் கூடாது. யாருக்கு வரி தோன்றுகிறதோ அவர்கள் நடுவில் வந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் கேட்பேன். வரி சரியில்லை என்றால் என் வலது கை இப்படி மேலேயிருந்து இறங்கிக் குறுக்கே நிற்கும். பார்த்தாயா? கேட் விழுந்தது. அந்த வரி செத்தது. அதற்கப்புறம் அந்த வரியை இந்த அறையில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. நாலு பேர் நாலு திசையில் இழுத்தால் வண்டி ஓடுமா? ஒருத்தன் கேட்டில் நிற்கத்தான் வேண்டும்.

அவள் வந்த புதிதிலேயே கேட்டாள்: "அண்ணே, உங்க வரிக்கு யாரு கேட் போடுவா?"

"என் வரிக்கு எதுக்குட்டி கேட்டு?" என்றேன்.

டார்வின் சிரித்தான். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

அந்த ஆல்பத்து அட்டையைப் பார்த்தாய் அல்லவா? ஒருத்தி கூட்டத்தை விட்டுத் தனியாக வந்து முதல் ஆல்பம் போடுகிறாள் என்றால் அட்டையில் என்ன இருக்க வேண்டும்? முகம் இருக்க வேண்டும். ஒரு கூலிங் கிளாஸ், ஒரு பார்வை, பின்னால் ஒரு கடலாவது இருக்க வேண்டும். இவள் என்ன போட்டிருக்கிறாள்? கரி பிடித்த பானை. பானைக்கு அடியில் பேர். எவனாவது பாத்திரக் கடை விளம்பரம் என்று நினைக்கப் போகிறான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? முதல் பாட்டே இறால் கம்பெனி.

எறால் உரிச்ச கை, எங்கம்மா கை,
எத்தனை சோப்பு போட்டாலும் வாடை,
கல்யாண வீட்டுல கும்பிடு போட
கையை எடுக்காம தலைய அசைச்சா.

இது ராப்பா? நீயே சொல்லு. ராப் என்றால் கேட்கிறவனுக்குச் சட்டைக் காலர் தானாக நிமிர வேண்டும். நம்ம 'கேட்டப் போட்டா ஊரு நிக்கும்' பாட்டைக் கேட்டிருப்பாய். திருச்செந்தூர் ரோட்டில் அந்தப் பாட்டு போடாத மினிபஸ் உண்டா? அதைக் கேட்டால் மனுஷன் நெஞ்சை நிமிர்த்துவான். இதைக் கேட்டால் கையை எடுத்து முகர்ந்து பார்க்கத் தோன்றுகிறது. நான் முகர்ந்து பார்த்தேன். சீ!

இந்த வரியை அவள் இதே இடத்தில் நின்று சொன்னபோது மூன்றாவது வரியிலேயே கேட் போட்டேன். "மேடையில மீன் வாடை அடிக்கும்ட்டி" என்றேன். என் அம்மாவும் ஏழு வருஷம் இறால் கம்பெனிக்குப் போனவள்தான். நான் அதை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? டார்வினுக்குக்கூடத் தெரியாது. ஒரு குடும்பத்துக்கு மானம் என்று ஒன்று வேண்டாமா?

அடுத்ததைக் கேள். இன்னும் அருவருப்பு.

தொண்டை காஞ்சுதான் பாடுனேன், தண்ணி தொடல,
மேடை போட்டவன் எவனும் மறைப்பு போடல.

புரிகிறதா எதைச் சொல்கிறாள் என்று? மேடைக்குப் பின்னால் பெண்பிள்ளை ஒதுங்க இடம் இல்லையாம். அதனால் மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்காமல் ராத்திரி வரைக்கும் நின்று பாடினாளாம். இதை நாலு பேர் கேட்கிற மாதிரி பாட்டாகப் பாடுவார்களா? கோவில்பட்டியில், சாத்தான்குளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில், எந்த மேடையில் நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டவில்லை? "குடிட்டி, தொண்டை கம்மிரும், ஷோ போயிரும்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு மடக்குக் குடிக்க மாட்டாள். நான் திமிர் என்று நினைத்தேன். பாடுகிறவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும், இருக்கட்டும் என்று விட்டேன். இதுதான் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஏற்பாடு செய்திருக்க மாட்டேனா?

கேட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. வரியாகக் கேட்டாள். இங்கே நின்று, இதே வரியை. வரியாகக் கேட்டால் வரிக்கு என்ன பதிலோ அதுதானே கிடைக்கும்? கை இறங்கிவிட்டது.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்த ஆல்பம் முழுக்க இந்த அறையில் கேட் விழுந்த வரிகள். நான் வேண்டாம் என்று தள்ளியது எதுவோ அதை மட்டும் பொறுக்கி எடுத்து, துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். நான் சரி என்று சொன்ன ஒரு வரிகூட அதில் கிடையாது. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டையும் தேர்ந்தெடுத்தவன் நான்தான். என் கை விழாமல் அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. என் பேரைப் போட்டாளா? கடைசி வரைக்கும் தேடிப் பார்த்தேன். நன்றி என்று ஒரு இடம் வருகிறது. யாருக்கு நன்றி தெரியுமா? மெத்தைகளுக்கு. மனுஷன் ஒருத்தன் இருக்க, மெத்தைக்கு நன்றி!

வந்துவிட்டான். வா டார்வின். டீயை அந்தப் பிள்ளைக்குக் குடு முதல்ல. என்னல சொன்ன? ஆமா, அந்தக் கதையத்தான் சொல்லுதேன். கேட்டுட்டுப் போகட்டும். நீ செஞ்சதையும் சொல்லப் போறேன், ஓரமா உட்காரு.

இவன் செய்ததைக் கேள் தங்கச்சி. அந்த ஆல்பத்துக்குப் பீட் போட்டவன் இவன். சிரிக்கிறான் பார். ஞாயிற்றுக்கிழமை நான் மாமியார் வீட்டுக்குப் போகிற நாள். போனதும் இவன் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அவளை வரச்சொல்லி, இதே அறையில், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இதே மெத்தைகளைச் சுற்றிச் சாத்திவைத்து ரெக்கார்டிங் பண்ணியிருக்கிறான். மெத்தைக்கு எதற்கு நன்றி என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

"ஏல, நீயுமால?" என்று கேட்டேன்.

"பீட்டுக்கு நீங்க கேட் போடலியேண்ணே" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா கை எறங்கியிருக்கும்."

அடித்திருப்பேன். ஆனால் இவனும் போய்விட்டால் பீட்டுக்கு நான் எங்கே போவது? வாயால் 'டும் டும்' என்று அடித்துக்கொண்டு மேடையில் நிற்கவா? இப்போதும் அந்தப் பீட்டைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கேட்டால் டிரம்மைப் போட்டு இடிப்பான். அவளுக்கு அடுப்பில் சுள்ளி வெடிக்கிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். பாதிப் பாட்டில் அதுவும் இல்லை.

கீழே என் சித்தப்பா கடையில் பஞ்சு அடைக்கிற அக்காமார் இருக்கிறார்களே, ஏறி வரும்போது பார்த்திருப்பாய். எங்கள் பாட்டைப் போட்டால் "ஏல, சத்தத்தைக் குறைல, தலை வலிக்கி" என்பார்கள். இவள் ஆல்பம் வந்த நாளிலிருந்து ஆளுக்கொரு செல்லில் அதே பாட்டு. போன வாரம் செல்வக்கனியக்கா அழுதுகொண்டே தலையணைக்குப் பஞ்சு திணிக்கிறாள். மூக்கில் பஞ்சு, கண்ணில் பஞ்சு, கன்னமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு பார்க்கவே சகிக்கவில்லை.

"அக்கா, தலவாணி ஈரமாவுது" என்றேன்.

"வாங்குதவ எப்படியும் அழத்தான் போறா, போல அங்கிட்டு" என்றாள். பிறகு அவளே, "உன் பாட்டும் நல்லாத்தாம்ல இருந்துச்சு. கேட்டா ஒரு பெலன் வரும். வந்து என்ன செய்ய, எவன்ட்ட சண்டைக்குப் போக?" என்றாள்.

இதுதான் ரசனை. இந்த ரசனைக்காகவா நான் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

அவள் ஏன் போனாள் என்று கேட்கிறாயா? கேள், தப்பில்லை. எல்லாரும் கேட்கிறார்கள். டார்வின் வேறு மாதிரி சொல்வான். நடந்ததை நான் சொல்கிறேன்.

ஐப்பசி மாசம். நல்ல மழை. இந்தத் தகரக் கூரையில் மழை விழுந்தால் ரெக்கார்டிங் எதுவும் பண்ண முடியாது. அதனால் புது வரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அவள் எழுந்து நடுவில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

உலை வச்சா அம்மா, அரிசி போடல.

சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். சரி, அடுத்து வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. டார்வின் அவளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ராப் பாடுகிறவள் நடுவில் நின்றால் முடிந்தது கதை. மேடையில் அந்த இடைவெளியில் ஊளை விடுவான், செருப்பு வரும். நான் எத்தனை மேடை பார்த்தவன். அவளைக் காப்பாற்றத்தான் கையை இறக்கினேன் என்று வைத்துக்கொள். என்னை அறியாமல் இறங்கிவிட்டது.

அவள் என் கையையே பார்த்தாள். "இன்னும் முடிக்கலண்ணே" என்றாள்.

"விழுந்தா விழுந்ததுதான்."

"இன்னும் மூணு வரி இருக்கு."

"இருக்கட்டும். உனக்கே மறந்து போச்சு, கேக்குதவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது?"

"மறக்கலண்ணே. நிறுத்துனேன்."

"எதுக்கு?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நான் இனி வரல. தனியாப் பாடிப் பாக்கேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொன்னாலாவது சண்டை போட்டிருப்பேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கதவில் போய் நின்றுகொண்டேன்.

"போறவ ஒண்ணைக் கேட்டுக்க. கேட் தாண்டுன வரி எல்லாம் கூட்டத்துக்கு. அதுல ஒரு வார்த்தையக்கூட வெளிய பாடக் கூடாது" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "கேட் விழுந்தது?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன் தங்கச்சி. "விழுந்தது குப்பை. வேணும்னா அள்ளிட்டுப் போ" என்றேன்.

"டார்வின், கேட்டுக்கிட்டியா?" என்றாள். இவன் தலையை ஆட்டினான். படியில் இறங்கிப் போய்விட்டாள். மழையில் குடைகூட இல்லை.

அதற்கப்புறம் அந்தப் பாட்டை நான் கேட்டது ஷேர் ஆட்டோவில். யாரோ ஒரு காலேஜ் பையன் செல்லில் போட்டுக்கொண்டு வந்தான். 'உலை வச்சா அம்மா, அரிசி போடல' என்று வந்தது, நின்றது. செல் நின்றுவிட்டதோ என்று அவனும் தட்டிப் பார்க்கவில்லை, ஆட்டோவில் யாரும் பேசவில்லை. பார்த்தால் என் கை மேலே எழும்பி இறங்கி முன் சீட்டுக்குக் குறுக்கே நிற்கிறது. டிரைவர் "எறங்கணுமாண்ணே?" என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டான். என்ன சொல்வது? இறங்கிவிட்டேன். மீதியைக் கேட்க வீட்டுக்கு நடந்து வர வேண்டியதாகிவிட்டது. வெயில் வேறு.

உலை வச்சா அம்மா, அரிசி போடல,
தண்ணி வத்த வத்த ஊத்திக்கிட்டே இருந்தா,
கரையில ஆளு சத்தம் கேக்குற வரைக்கும்
அடுப்பு மட்டுந்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு.

இவ்வளவுதான். ஆளைச் சாகடிக்கிற ஏமாற்று வேலை. கடலுக்குப் போன அப்பன் வந்தானா இல்லையா? ஆள் சத்தம் என்றால் நல்ல சத்தமா கெட்ட சத்தமா? அரிசி போட்டாளா இல்லையா? ஒன்றுமே சொல்லவில்லை. கேட்கிறவன் பாடு. அவள் அப்பாவை நானும் பார்த்ததில்லை. ராத்திரி ஷோ முடிந்தால் கூட்டிப்போக அவர் வருவார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாளும் வந்ததில்லை. பொறுப்பில்லாத மனுஷன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என்ன டார்வின், ஏன் என்னை அப்படிப் பார்க்க? நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஷோ. நீ அதற்குத்தான் வந்திருக்கிறாய். இது ஒன்றுதான் கையில் இருக்கிறது. வேறு இரண்டு ஷோ வந்து, வந்த வழியே போய்விட்டது. சித்தப்பா வேறு, அடுத்த மாசத்திலிருந்து இந்த மாடியில் தலையணை அடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மேடை ஏறினால் மூணாங்கேட் என்று ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் இது தலையணை குடோன்.

ஷோவுக்குக் கூப்பிட்ட அந்தக் காலேஜ் பையன் போனில் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, மூணாங்கேட்தான? எங்களுக்கு அந்த உலைப் பாட்டு வேணும்ணே. அது இருந்தா வாங்க, இல்லன்னா வேண்டாம்."

"உண்டு தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

முறைக்காதே தங்கச்சி. பொய் என்ன இருக்கிறது இதில்? அந்த வரி முதலில் பிறந்தது எங்கே? இந்த அறையில். முதலில் கேட்டவன் யார்? நான். உலகத்தில் அவளுக்கு அடுத்தபடியாக அதைக் கேட்டவன் நான்தானே? அந்த உரிமை எனக்கு இல்லையா? குப்பை என்று சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் குப்பை நம்முடையதுதானே?

உன் வரியா? நீயும் எழுதுவாயா? சொல்லலாம், சொல்லலாம், கேட்காமல் எங்கே போகப் போகிறேன். சனிக்கிழமை முடியட்டும். இப்போது எழுந்து நடுவில் வா. டீயை வைத்துவிட்டு வா. உனக்குப் பாட்டு மனப்பாடம் என்று முகத்திலேயே தெரிகிறது. சொல்லு.

நிறுத்து, நிறுத்து. ஏன் அழுகிற மாதிரி ஆரம்பிக்கிறாய்? அவள் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். 'அம்மா'வில் அழுத்தம் கொடுக்காதே. 'உலை'யில் கொஞ்சம் கொடு. மறுபடி.

ம். பரவாயில்லை. 'போடல' என்பதை ஏன் இழுக்கிறாய்? பட்டென்று கீழே வை. கையில் இருந்ததைத் தரையில் வைக்கிற மாதிரி. வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு. மறுபடி.

ஐயோ, அடுத்த வரிக்கு ஏன் இப்படி ஓடுகிறாய்? யார் துரத்துகிறார்கள்? அங்கே நிறுத்த வேண்டும். ஆல்பத்தில் நிறுத்தியிருக்கிற அளவு போதாது. அது ரெக்கார்டிங்குக்காகக் குறைத்தது. இங்கே இன்னும் நீளமாக நிறுத்தினாள். எனக்குத் தெரியும், நான் இருந்தேன். டார்வின், நீ பேசாதே. அந்த ஃபேனை நிறுத்து முதலில். கீழே அக்காமாரிடம் சொல்லு, கொஞ்ச நேரம் எல்லாச் செல்லையும் அணைக்கச் சொல்லு.

கேவலமான வரிதான் தங்கச்சி. ஆனால் கேவலமாகச் சொன்னால் விட மாட்டேன். மறுபடி முதலிலிருந்து. உலை வச்சா...

ம். ம். அதுதான். இப்போது நிறுத்து.

என்னைப் பார்க்காதே. அவள் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. கீழே பார். மூச்சை அடக்காதே, சும்மா விடு. அடுத்த வரி உதட்டில் நிற்கிறது, தெரிகிறது, நிற்கட்டும்.

சீ, என்ன வரி இது! இரு, இரு. இன்னும் சொல்லாதே.